வெள்ளிமலையிலிருந்து ஒரு வாய்தாவுக்கு

கள்ளக்குறிச்சி பஸ் நிலையத்தில் உட்கார இடம் கிடைத்தது. உட்காரத்தான் முடியவில்லை. நான் சாப்பிடும் மாத்திரை மண்டைக்குள் கேட்கும் சத்தத்தைக் குறைத்துவிடும். பதிலுக்குக் கால்களைச் சும்மா இருக்க விடாது. திருச்சியில் எங்கள் தெருவில் என் வீட்டுக்கு வழி கேட்டால், "நடந்துக்கிட்டே இருப்பாங்களே, அந்த அக்காவா?" என்பார்கள். பையைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ் நிலையத்தைச் சுற்றிச் சுற்றி வந்தேன். கரும்பு ஜூஸ்காரர் முதலில் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார், பிறகு பாவமாகப் பார்த்தார், கடைசியில் "இன்னாம்மா, பஸ்ஸ தவற உட்டுட்டியா?" என்று கேட்டேவிட்டார்.

பஸ்ஸைத் தவறவிடவில்லை. நான் தேடி வந்தவள்தான் இரண்டு வாய்தாவைத் தவறவிட்டிருந்தாள்.

என் வேலையை ஒரு வரியில் சொல்லிவிடலாம். சிறையையும் மனநல வார்டையும் பார்த்துவிட்டு வெளியே வந்த பெண்கள் சிலர், இப்போது அங்கே இருப்பவர்களுக்குக் கூட நிற்கிறோம். டாக்டர் வேலையும் இல்லை, வக்கீல் வேலையும் இல்லை. எங்கள் அமைப்பில் இதற்குத் தோழமைப் பணியாளர் என்று பெயர். சிறைக்குள்ளே 'அந்த அக்கா'. அப்படி நான் கூட நின்றவர்களில் ஒருத்தி அலமேலு. கல்வராயன் மலைக்காரி. நோய் முற்றியிருந்த நாளில், மலைக்கு வரும் பஸ் ஹாரன் அடித்து அடித்துத் தன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவதாக அவளுக்குக் கேட்டிருக்கிறது. கல்லை எடுத்து விட்டிருக்கிறாள். கண்ணாடி உடைந்து, கண்டக்டருக்குப் புருவம் கிழிந்தது. பொதுச் சொத்தைச் சேதப்படுத்திய வழக்கு. ஜாமீன் நிற்க ஆள் இல்லாமல் மாதக்கணக்கில் உள்ளே கிடந்தாள். கடைசியில் அவள் அண்ணன் வந்து நின்று கூட்டிப் போனார்.

அன்று செவ்வாய்க்கிழமை. வக்கீல் குமரவேல் கோர்ட்டுக்கு எதிரே டீக்கடையில் காத்திருந்தார். இளைஞர். நின்றபடியே பேசுகிறவர். எனக்குப் பிடித்துப்போனது.

"மேடம், நேரா விஷயத்துக்கு வரேன். ரெண்டு வாய்தா அவங்க வரல. நான் அந்த ரெண்டு நாளும் உளுந்தூர்பேட்டை கேஸ்ல மாட்டிக்கினேன். ஜூனியர்தான் நின்னாரு, அவருக்கு அவங்க மூஞ்சியே தெரியாது. மூணு தபா கூப்டாங்க, யாரும் வரல. பிடிவாரண்ட் போட்டாச்சு. நாளா மறுநாள் வியாழக்கெழம அவங்களே வந்து நின்னாங்கன்னா ரத்து பண்ணச் சொல்லி மனு போடலாம். போலீஸ் போயி புடிச்சாந்துதுன்னா உள்ளதான். ஜாமீன் நின்ன அண்ணனுக்கும் தொல்ல."

உள்ளேதான் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். போன முறை அவள் உள்ளே போன புதிதில், மாத்திரை ஒழுங்காகக் கிடைத்துப் பிடிக்கத் தொடங்கும் வரை சோற்றைத் தொடவில்லை. சுவரோடு பேசிக்கொண்டிருந்தாள். இரண்டாம் முறை அதிலிருந்து எழுந்து வருவாளா என்பதைப் பற்றி நான் நினைக்கவே விரும்பவில்லை.

"ஏன் வரலன்னு நினைக்கிறீங்க?" என்றேன்.

"பயம்தான். வேற இன்னா?" என்றார். நானும் அதைத்தான் நினைத்தேன்.

அன்று ராத்திரிச் சாப்பாடு பரோட்டா, சால்னா. எங்கள் ஊர் சால்னா இலையில் ஓடும். இது நின்று பேசும், அவ்வளவு கெட்டி. பக்கத்து மேஜைக்காரர் போனில் "வந்துகினே இருக்கேன், வந்துகினே இருக்கேன்" என்று சொல்லிக்கொண்டு இன்னொரு பரோட்டாவுக்குக் கை காட்டினார். சிரிப்பு வந்தது. லாட்ஜில் தூக்கமும் ஓரளவு வந்தது.

புதன்கிழமை மலைக்கு ஏறும் பஸ்ஸில் ஜன்னல் சீட். கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையையும் தாண்டி, மலை தொடங்கியது. காவிரிக்கரையில் வளர்ந்தவளுக்குத் தரை என்றால் தட்டையாக இருக்க வேண்டும். இங்கே ஒவ்வொரு வளைவிலும் தரை எழுந்து முகத்துக்கு நேரே வந்தது. பாதி மலையில் பஸ் நின்றுவிட்டது. மரவள்ளிக்கிழங்கு ஏற்றி இறங்கிக்கொண்டிருந்த லாரி ஒன்று வளைவில் திரும்ப முடியாமல் குறுக்கே மாட்டிக்கொண்டிருந்தது.

பஸ்ஸில் யாரும் பதறவில்லை. இறங்கினார்கள், கல்லில் உட்கார்ந்தார்கள், பொட்டலங்களைப் பிரித்தார்கள். ஒரு அம்மா எனக்கு அவித்த கிழங்கும் மிளகாய்ச் சட்னியும் கொடுத்தார். "இது எப்பவும் இப்பிடித்தாங்க. துன்னுங்க," என்றார். நான் கிழங்கைக் கையில் வைத்துக்கொண்டு லாரிக்கும் பஸ்ஸுக்கும் இடையே நடந்தேன். கிழங்கு மாவாக உதிர்ந்தது, சட்னி கண்ணில் நீர் வரவழைத்தது, இரண்டையும் ரசிக்கிற நிலையில் நான் இல்லை. ஒரு நாள்தான் கையில் இருந்தது.

லாரிக்கு அந்தப் பக்கம் மேலிருந்து வந்த ஜீப் ஒன்று, மேலே போக வேண்டியவர்களை ஏற்றிக்கொண்டு திரும்பத் தயாரானது. ஓடிப்போய்த் தொற்றிக்கொண்டேன். என் மடியில் ஒரு கோழி, என் முதுகில் யாரோ ஒருவருடைய அரிசி மூட்டை. வெள்ளிமலையில் இறங்கி மூச்சு விட்ட பிறகுதான் தோள் லேசாக இருப்பது உறைத்தது. பை பஸ்ஸிலேயே, தலைக்கு மேலே தட்டில். அதில்தான் என் மாத்திரை. மருந்துச் சீட்டும் அதிலேயே.

மருந்துக் கடைக்காரர் பண்பாகத்தான் பேசினார். "சீட்டு இல்லாம அந்த மாத்திர தர முடியாதுங்க. தப்பா நெனச்சுக்காதீங்க." தப்பாக நினைக்கவில்லை, அவர் செய்தது சரி. என்மேல்தான் எனக்குக் கோபம். பஸ்ஸைப் பற்றி விசாரித்தேன். லாரி நகரவில்லை என்று பஸ்ஸைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்களாம். காலையில் முதல் நடைக்கு அதே வண்டிதான் வரும் என்றார்கள்.

அலமேலுவின் ஊர் வெள்ளிமலைக்கு அருகேதான். கடுக்காய் மரங்களுக்கு நடுவே நடைபாதை, இரு பக்கமும் அறுத்து முடித்த சாமைக் கொல்லை. மார்கழி வெயிலுக்குச் சூடே இல்லை. அலமேலு வாசலில் முறத்தோடு சாமை புடைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் முறத்தைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள். முகம் தெளிந்திருந்தது. கன்னத்தில் சதை போட்டிருந்தது. தினம் மாத்திரை போடுகிறவளின் முகம் அது. எனக்குத் தெரியும்.

அவள் அண்ணன் கோவிந்தனுக்கு அந்த மகிழ்ச்சி இல்லை. "வாங்க" என்றதோடு சரி. சாமைச் சோறும் மொச்சைக்கொட்டைக் குழம்பும் போட்டார். சாமைச் சோறு முதல் கவளத்தில் ஒன்றும் சொல்லாது, மூன்றாவது கவளத்தில் பிடித்துக்கொள்ளும். நான் சாப்பிட்டு முடிக்கும்வரை பொறுத்திருந்துவிட்டுத்தான் கொட்டினார்.

"வாய்தாவுக்குப் போறேன்னு மொத பஸ்ஸுக்குப் போவுறா. சாயந்தரம் வர்றா. கோர்ட்ல கேட்டா வரவேயில்லங்கறாங்க. எங்க சுத்திக்கினு இருந்தான்னு கேட்டா வாயே தொறக்க மாட்டேங்கறா. எம் பேருலதானே ஜாமீனு? போலீசு எங்க வூட்டுக்குத்தானே வரும்?"

"நான் போனேன்," என்றாள் அலமேலு. "ரெண்டு தபாவும் போனேன். கோர்ட்டுலதான் இருந்தேன்."

"அப்ப ஏன் கூப்டப்ப உள்ள போவல?"

அவள் என் தட்டை எடுத்துக் கழுவத் தொடங்கினாள்.

இந்த இடத்தில்தான் எங்கள் வேலையில் இருப்பவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பை நான் செய்தேன். டாக்டர் இதைச் செய்ய மாட்டார், அவருக்குச் சொல்லக் கதை இல்லை. எனக்கு இருக்கிறது. அவள் தோளில் கை வைத்து, "எனக்கும் அப்படித்தாண்டி இருந்துச்சு. கோர்ட் கேட்டைப் பாத்ததும் காலு திரும்பிரும். நானும் போனேன்னு வீட்ல பொய் சொல்லிருக்கேன். பயமா இருந்துச்சுன்னு சொல்லிரு, யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க," என்றேன்.

அவள் என் கையை எடுத்துத் தள்ளிவிட்டாள்.

"நான் பொய் சொல்லல. அது ஒன் கத. என் கத இல்ல. நீயும் நம்பலன்னா எனக்கு இன்னாத்துக்கு நீ? நாளைக்கு நான் வரல. வந்தாலும் வரலன்னுதானே எழுதுவாங்க!"

எழுந்து உள்ளே போய்விட்டாள். கோவிந்தன் என்னைப் பார்த்த பார்வையில், இதற்கா திருச்சியிலிருந்து வந்தாய் என்ற கேள்வி இருந்தது. பயிற்சியில் எங்களுக்கு முதலில் சொல்வதே, உன் கதையை அவள் கதை மேல் போர்த்தாதே என்பதுதான். புதிதாக வரும் பெண்களுக்கு அதைச் சொல்லிக்கொடுப்பவளும் நான்தான். வெட்கமாக இருந்தது.

பொழுது சாயும்வரை சாமைக் கொல்லை ஓரமாக நடந்தேன். கால் நிற்கவில்லை என்பது ஒரு பக்கம், அவளை எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாதது இன்னொரு பக்கம். அலமேலு தானாகவே வந்தாள். முகத்தைத் திருப்பி வைத்துக்கொண்டே கையை நீட்டினாள். உள்ளங்கையில் ஒரு மாத்திரை.

"பை போயிடுச்சாமே. மாத்திர இல்லாம எப்பிடி தூங்குவ? என்னுதுல ஒண்ணு முழுங்கு."

"உன்னுது வேறடி, என்னுது வேற. அடுத்தவங்க மாத்திரையைப் போடக்கூடாது. உனக்கும் ஒண்ணு குறைஞ்சுரும்."

"அப்ப சும்மா கெட," என்று சொல்லிவிட்டுத் தன் மாத்திரையைத் தானே விழுங்கினாள். என்மேல் கோபம் தீராமலேயே எனக்காக மாத்திரையோடு வந்தவள். அந்த ராத்திரி எனக்குத் தூக்கம் இல்லை. பொய் சொல்கிறவள் இப்படி வருவாளா என்ற ஒரே கேள்விதான் ஓடிக்கொண்டிருந்தது.

வியாழக்கிழமை விடிந்தும் அவள் எழுந்து வெளியே வரவில்லை. பையை வாங்கவும் வக்கீலுக்குச் செய்தி சொல்லவும் நான் மட்டும் பஸ்ஸுக்கு நடந்தேன். தூங்காத மண்டைக்குள் லேசாக ஒரு முணுமுணுப்பு தொடங்கியிருந்தது. வார்த்தை புரியவில்லை, ஆள் பேசுகிற தாளம் மட்டும். பழைய விருந்தாளி. மாத்திரை கையில் கிடைத்தாலும், வந்தால் ஒரு நாள் இருந்துவிட்டுத்தான் போவார்.

வண்டி வந்திருந்தது. கண்டக்டர் இறங்கும்போதே என் பையைத் தூக்கிக் காட்டினார். ஐம்பதை ஒட்டிய வயது. வலது புருவத்தை ஒரு தழும்பு இரண்டாகப் பிரித்திருந்தது. நேற்று டிக்கெட் வாங்கும்போது மலையையே பார்த்துக்கொண்டிருந்ததில் அதைக் கவனிக்கவில்லை. இப்போது உடனே புரிந்துவிட்டது. நன்றி சொல்லி வாங்கிக்கொண்டு நகரப் பார்த்தேன். அவரேதான் கேட்டார்.

"நேத்து டிக்கெட் வாங்கறப்ப அவங்க ஊருக்கு வழி கேட்டீங்களே, அலமேலு வூட்டுக்குத்தானே வந்தீங்க? இன்னிக்கி வாய்தா இல்ல? போன ரெண்டு தபாவும் வந்துச்சே, எங்க அந்தம்மா?"

"உங்களுக்கு எப்படித் தெரியும், அவ வாய்தாவுக்கு வந்தான்னு?"

"ரெண்டு தபாவும் என் வண்டிதானே. கோர்ட்டுகிட்டதான் எறங்குச்சு. அப்பறம் எங்க வண்டி அந்த வழியா எத்தினி நடை போவுது! ஒவ்வொரு நடைக்கும் எட்டிப் பாப்பேன், கைல கல்லு எதுனா வெச்சுகினு இருக்குதான்னு." தழும்பைத் தொட்டுக்கொண்டு சிரித்தார். "கோர்ட்டுக்கு வெளிய அதே எடத்துல ஒக்காந்துகினு இருக்கும். சாயந்தரம் கடைசில ஏறும். பச்சத்தண்ணி குடிச்சிருக்காது."

"இதை நீங்க யாருகிட்டயும் சொல்லலையா?"

"யாரு கேட்டாங்க? எனக்குக் கோவம் இல்லன்னு சொல்ல மாட்டேன்மா. கண்ணு போயிருக்கும். அதுக்காவ, வந்தவங்கள வரலன்னா சொல்ல முடியும்?"

நான் பையை அவர் கையிலேயே திணித்துவிட்டு ஓடினேன். "டீ குடிச்சிட்டுதான் எடுப்போம், சீக்கிரம் வா!" என்று பின்னாலிருந்து கத்தினார்.

அலமேலு அடுப்பு ஊதிக்கொண்டிருந்தாள். கோவிந்தன் பக்கத்தில் குந்தியிருந்தார். இருவருக்கும் கேட்கும்படி, மூச்சு வாங்க, கண்டக்டர் சொன்னதை அப்படியே சொன்னேன். "நீ வந்தே. நான் நம்பாதது தப்பு. மன்னிச்சுரு. இப்ப எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லு. அவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தியே, அவங்க உன் பேரைக் கூப்பிடவே இல்லையா?"

"கூப்டாங்க," என்றாள். "மூணு தபா."

"அப்புறம்?"

"யாருமே தெரியலக்கா. கூட்டமா இருந்துச்சு. எங்கிருந்தோ 'அலமேலு, அலமேலு'ன்னு சத்தம் மட்டும் வந்துச்சு. நீதானே உள்ள இருக்கறப்ப சொல்லிக் குடுத்த? பேரச் சொல்லிக் கூப்டா மொதல்ல ஆளப் பாரு. ஆளு இருந்தா பதில் சொல்லு, இல்லன்னா வாயத் தொறக்காத, அது நெசமில்லன்னு. நான் வாயத் தொறக்கல. கெட்டியா ஒக்காந்துகினேன்."

சொல்லிக்கொடுத்தது நான்தான். எனக்கு இன்னொருத்தி சொல்லிக்கொடுத்தாள். அந்த ஒரு பாடத்தைப் பிடித்துக்கொண்டுதான் நாங்கள் எல்லாரும் தெருவில் நடக்கிறோம். சொன்னதை அப்படியே செய்ததற்கு அவளுக்குக் கிடைத்தது வாரண்ட்.

"இதை அண்ணங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமேடி."

"சொன்னா, மறுபடியும் பேரு கேக்குதா உனுக்குன்னு வார்டுக்கு அனுப்பிட மாட்டாங்க?"

கோவிந்தன் எழுந்து, ராத்திரி மிஞ்சிய சாமைச் சோற்றை ஒரு தூக்குச்சட்டியில் போட்டு, அலமேலு கையில் கொடுத்தார். "துன்னாம ஒக்காந்துகினு இருக்காத," என்றார்.

பாதையில் இறங்கும்போது பஸ் ஹாரன் அடித்தது. அலமேலு அப்படியே நின்றுவிட்டாள். மறுபடி அடித்தது. கீழே கண்டக்டர் வண்டியின் பக்கவாட்டில் தட்டி டிரைவரிடம் ஏதோ சொல்வது தெரிந்தது. ஹாரன் நின்றது. அவர் பாதி வழி ஏறிவந்து, முகம் தெரிகிற இடத்தில் நின்று, "வாம்மா, நேரமாவுது," என்றார். அலமேலு நடந்தாள். அவர் தழும்பைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு ஏறினாள்.

கோர்ட் வாசலில் குமரவேல் எங்களைப் பார்த்ததும் கும்பிடாத குறை. மனுவை எடுத்துக்கொண்டு உள்ளே ஓடினார். நான் அலமேலுவோடு கதவருகே, கூப்பிடுகிறவர் முகம் தெரிகிற இடமாகப் பார்த்து நின்றேன். காவலர் ஒருவர், "கூப்புடறப்ப வாங்கம்மா, வழிய மறைக்காதீங்க," என்று தள்ளி அனுப்பினார். உள்ளே கால் வைக்க இடமில்லை, அவரைக் குறை சொல்ல முடியாது. வராந்தாவின் கடைசியில் தூண் ஓரம் போய் உட்கார்ந்தோம். அங்கிருந்து முதுகுகள்தான் தெரிந்தன.

"பயப்படாத. கூப்பிட்டா நான் சொல்றேன்," என்றேன்.

சொல்லிவிட்டேன். ஆனால் என் மண்டைக்குள் காலையில் தொடங்கிய முணுமுணுப்பு அந்தக் கூட்டத்தின் இரைச்சலில் நன்றாகக் குளிர்காய்ந்துகொண்டிருந்தது. யார் யாரையோ கூப்பிட்டார்கள். சில பெயர்கள் கதவிலிருந்து வந்தன. சில எங்கிருந்து வந்தன என்று எனக்கே நிச்சயமில்லை. ஒரு முறை "தேவகி" என்று தெளிவாகக் கேட்டது. அது என் பெயர். எனக்கு அங்கே எந்த வழக்கும் இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டேன். இப்படி இருக்கும் நான் இவளுக்கு எதை நிஜம் என்று சொல்வது? தப்பாகச் சொல்லி உள்ளே ஓடினால் சிரிப்பார்கள். சொல்லாமல் விட்டால் மூன்று முறையும் முடிந்துவிடும், அவள் உள்ளே போவாள். பயத்தில் உள்ளங்கை ஈரமாகிவிட்டது. அவளிடம் மறைக்கக் கூடாது என்று பட்டது.

"அலமேலு, நேத்து மாத்திரை போடலைல்ல. எனக்கும் சத்தம் வந்துக்கிட்டு இருக்கு. நான் சொல்றது சரியா இருக்குமான்னு எனக்கே தெரியல."

அவள் கொஞ்சமும் பதறவில்லை. என் ஈரக்கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். "ஒனக்கு வர்றது ஒனக்கு. எனக்கு வர்றது எனக்கு. ரெண்டும் ஒண்ணா வராதுல்ல?" என்றாள்.

எவ்வளவு நேரம் அப்படி இருந்தோமோ தெரியாது.

"அலமேலு."

நான் அவள் பக்கம் திரும்பினேன். அவள் ஏற்கெனவே என் பக்கம் திரும்பியிருந்தாள்.

"கேட்டுச்சாக்கா?"

"கேட்டுச்சு."

"அப்ப நெசந்தான்."

இரண்டாவது தடவை கூப்பிடுவதற்குள் அவள் எழுந்துவிட்டாள். "இருக்கேன்!" என்று வராந்தாவின் கடைசியிலிருந்து போட்ட சத்தத்தில் முதுகுகள் எல்லாம் திரும்பி வழி விட்டன. காவலரும் வழி விட்டார். நீதிபதி, ஏன் போன இரண்டு வாய்தாவுக்கும் வரவில்லை என்று கேட்டார். குமரவேல் வாயைத் திறப்பதற்குள் அவளே சொன்னாள்.

"வந்தேன் சாமி. வெளியதான் ஒக்காந்துகினு இருந்தேன். எனக்குப் பேரு சும்மாவே கேக்கும். கூப்டது நீங்களா, அதுவான்னு தெரியல. இன்னிக்கி அக்காவுக்கும் கேட்டுச்சு. அதான் வந்தேன்."

யாரோ சிரித்தார்கள். நீதிபதி சிரிக்கவில்லை. மனுவை வாங்கிப் படித்தார். அவளை ஒரு முறை நிமிர்ந்து பார்த்தார். வாரண்டை ரத்து செய்து அடுத்த வாய்தா கொடுத்தார்.

வெளியே வேப்பமரத்தடியில் தூக்கைத் திறந்து, ஆறிப்போன சாமைச் சோற்றை இரண்டு பேரும் ஒரே தூக்கிலிருந்து சாப்பிட்டோம். எனக்கு அழுகை வந்தது. அவள் என்னை அழவிட்டுவிட்டுச் சாப்பிட்டாள்.

"அடுத்த வாய்தாவுக்கு நான் முந்தின நாளே வந்துர்றேன்," என்றேன்.

அலமேலு யோசித்தாள். விரலை நக்கிக்கொண்டு தலையை ஆட்டினாள்.

"வேணாங்கா. அவ்ளோ தூரத்துலேர்ந்து இன்னாத்துக்கு? எங்கண்ணன இட்டாந்து பக்கத்துல ஒக்கார வெச்சுக்கறேன். அவனுக்கும் கேட்டா போதும்."